பதினாலு அடி, பத்து நிமிஷம்

காபி ஆறித்தான் வந்தது. அடுப்படியிலிருந்து கூடத்து நாற்காலிக்குப் பதினாலு அடி. தெய்வானை டம்ளரோடு கிளம்பியது மருதாசலத்துக்குத் தெரிந்தது, கால் மாறி மாறி விழுவதும் சேலைக் கரை ஆடுவதும் டம்ளரிலிருந்து ஆவி எழும்பி மெலிந்து இல்லாமல் போவதும் தெரிந்தது, ஆள் மட்டும் வந்து சேரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நாற்பதுக்குக் கிளம்பியவள் ஆறு ஐம்பதுக்கு டம்ளரை நீட்டினாள்.

"இந்தாங்," என்றாள். மூச்சு வாங்கியது.

"வீட்டுக்குள்ளயும் வந்துருச்சா?"

"வந்துருச்சாட்ட இருக்குது."

"எப்ப இருந்து?"

"நேத்து பொழுது சாய இருந்துங். நீங்க மேடையில பேசிட்டு வந்தீங்கல்ல, அதுக்கப்புறம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறின காபியைக் குடித்தார். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள், அதற்கும் பத்து நிமிஷம்.

வெளியே அது வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது, அதனால் பசுந்தடம் நகரில் யாரும் அதற்கு வாயைப் பிளப்பதில்லை. கிணத்துக்கடவு தாண்டி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் அந்த நகரில் ஏழு வீதி, இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, கூரைக்குக் கூரை சூரியத் தகடு, வாசலுக்கு வாசல் மூன்று நிறத்தில் மூன்று குப்பைக்கூடை, வீதிக்கு வீதி மழைத்தண்ணி இறங்கும் குழி. காரையும் பைக்கையும் கேட்டுக்கு வெளியே கொட்டகையில் விட்டுவிட வேண்டும், உள்ளே கால்தான் வண்டி. 'எல்லாம் பத்து நிமிட நடையில்' என்று கேட்டு வளைவில் பச்சை எழுத்தில் எழுதியிருந்தார்கள். சுத்தப் பொய். ஏழாம் வீதிக்காரர்கள் கடைக்குப் போக இருபத்திரண்டு நிமிஷம் ஆகும், முதல் வீதிக்காரர்கள் செருப்பு மாட்டுவதற்குள் கடை வந்துவிடும். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது பொய்யாக இருப்பதை நிறுத்திக்கொண்டது.

ஏழாம் வீதியிலிருந்து கடைக்குப் பத்து நிமிஷம், முதல் வீதியிலிருந்தும் பத்து நிமிஷம், பூங்காவுக்குப் பத்து, கிளினிக்குக்குப் பத்து, மூலையில் இருக்கிற மட்கு உரக் கொட்டகைக்குப் பத்து, காம்பவுண்டுச் சுவரை ஒட்டின அடுத்த வீட்டுக்கும் பத்து. வேகமாக நடந்தாலும் பத்து, நொண்டி நொண்டி நடந்தாலும் பத்து, ஓடினால் பத்து நிமிஷத்தோடு வேர்வை இலவசம். சைக்கிளை எடுத்துப் பார்த்தார்கள், வயசானவர்களுக்கு என்று இருந்த ஒரே ஒரு பேட்டரி வண்டியை எடுத்துப் பார்த்தார்கள், அதற்கும் பத்துதான். நாய்க்குக் கிடையாது. காக்காய்க்குக் கிடையாது. தூக்கி எறிந்த பந்துக்குக் கிடையாது, அது போய் விழுந்துவிடும், அதை எடுக்கப் போகிற பையன்தான் பத்து நிமிஷம் கழித்துப் போய்ச் சேருவான். சத்தத்துக்கும் கிடையாது.

முதல் வாரம் ஏழாம் வீதிக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள், முதல் வீதிக்காரர்கள் குடியிருப்போர் சங்கத்து அலுவலகத்தில் போய்ச் சத்தம் போட்டார்கள். இரண்டாம் வாரம் நகரைக் கட்டின கம்பெனியிலிருந்து டேப்போடு இரண்டு என்ஜினீயர்கள் வந்து அளந்தார்கள். சுவருக்குச் சுவர் ஆறு அடி என்று டேப் சொன்னது, அந்த ஆறு அடியைத் தாண்ட அவர்களுக்கும் பத்து நிமிஷம் ஆனது, இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். "முன்னாடி பத்துக்கு மேல ஆச்சு, அப்பப் புகார் பண்ணீங்க, நியாயம்," என்றார் சங்கத்துச் செயலாளர் கிருபாகரன். "இப்பக் கரெக்டாப் பத்து. இதுக்கு என்னன்னு புகார் எழுதறது?" மூன்றாம் வாரம் சனங்கள் அதன்படி வாழ ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு மாடியிலிருந்து கயிறு கட்டி, கப்பி வைத்து, கூடையில் கறிவேப்பிலையும் இட்லி மாவும் பக்கத்து வீட்டுக்கு விட்டார்கள். முருங்கைக்காயை எறிந்தார்கள். பத்து நிமிஷம் முன்கூட்டியே அடுப்பை அணைத்தார்கள், பத்து நிமிஷம் முன்கூட்டியே கோபப்பட்டார்கள். சண்டை போடக் கிளம்பினவர்கள் போய்ச் சேருவதற்குள் கோபம் வடிந்து, வந்ததற்கு ஒரு வாய் தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். சமாதானம் பேசக் கிளம்பினவர்களுக்கும் அதே கதிதான், பத்து நிமிஷத்தில் பழசெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, போய்ச் சேரும்போது சமாதானம் கையில் இருக்காது.

ஒரு விஷயத்தை மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பாதி வழியில் திரும்பினால், திரும்பின இடத்திலிருந்து கிளம்பின இடத்துக்கு மறுபடி முழுசாகப் பத்து நிமிஷம். பையை மறந்தேன், கேஸை அணைத்தேனா என்று திரும்பித் திரும்பி ஒரு அம்மா கால் நாளை வீதியிலேயே கழித்தார். அதற்கப்புறம் சங்கம் மரத்துக்கு மரம் பலகை மாட்டியது: கிளம்பினால் நிற்காதீர், திரும்பாதீர்.

மருதாசலத்துக்கு அந்தப் பலகை ரொம்பப் பிடித்திருந்தது. ஏனென்றால் அவர் முப்பத்தொரு வருஷம் தனியார் பஸ் ஓட்டினவர், பொள்ளாச்சி–திருப்பூர், ஒரு நாளைக்கு ஆறு நடை. அந்த ரூட்டில் பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நாலே நிமிஷம். ஒரு நிமிஷம் தாமதித்தால் பின்னால் வருகிற பஸ்காரன் ஸ்டாண்டில் சட்டையைப் பிடிப்பான். அதனால் ஸ்டாப் இல்லாத இடத்தில் கலெக்டரே கை காட்டினாலும் நிறுத்த மாட்டார். மகள் சுகந்தி திருப்பூரில் வேலைக்குப் போய், அப்பனும் அம்மாளும் புகையில்லாத இடத்தில் இருக்கட்டும் என்று இந்த வீட்டை வாங்கிக் கொடுத்தாள். வண்டியே ஓடாத ஊரில் டிரைவருக்கு என்ன வேலை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் வந்த பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. எத்தனை மணிக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்கு எங்கே இருக்கலாம் என்று ஒரு தாளில் டைமிங் போட்டுக் கொடுத்தார், அதைச் சங்கத்து வாசலில் ஒட்டினார்கள்.

அந்தக் கௌரவத்தில்தான் சனிக்கிழமை சாயங்காலம், நடைக்குழு ஆண்டு விழாவில், அவரை மேடை ஏற்றினார்கள். "நேரத்தைப் பத்தி இவரைவிட யாருக்குங்க தெரியும்?" என்று கிருபாகரன் மைக்கைக் கொடுத்தார். மருதாசலம் அவருடைய கதையைச் சொன்னார். அவரிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது, கல்யாண வீடு, எழவு வீடு எல்லா இடத்திலும் அதையே சொல்வார்.

"சாமியார்மேடு பிரிவுல வண்டி எடுத்துட்டனுங். விசில் அடிச்சாச்சு. கண்ணாடியில பாத்தா ஒரு பொம்பளை, இடுப்புல புள்ளையோட, கையக் காட்டிட்டு ஓடி வாரா. யாருன்னு பாத்தா நம்ம சம்சாரம். இடுப்புல இருக்கறது நம்ம புள்ள. கண்டக்டர், 'அண்ணா, அக்காண்ணா' ங்கறான். விசில் அடிச்சாச்சல்லடா, ஸ்டாப் தாண்டியாச்சல்ல, அக்காளா இருந்தா என்ன, அம்மாளா இருந்தா என்னன்னேன். நிறுத்தலீங். இன்னைக்கு வரைக்கும் நடு வழியில வண்டி நின்னதில்லை."

கை தட்டினார்கள், சிரித்தார்கள், நடைக்குழுத் துண்டு ஒன்றைப் போர்த்தினார்கள். தெய்வானை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். துண்டோடு வீட்டுக்கு வந்து படுத்தார். விடிந்ததும் காபி ஆறி வந்தது.

வேறு எந்த வீட்டிலும் அது உள்ளே நுழையவில்லை. மற்ற வீடுகளில் வாசற்படி வரைக்கும்தான் பத்து நிமிஷம், உள்ளே போய்விட்டால் அடுப்படி அடுப்படி தூரத்தில் இருந்தது, படுக்கை படுக்கை தூரத்தில் இருந்தது. இந்த ஒரு வீட்டில் மட்டும் அடுப்படியிலிருந்து கூடம் பத்து, கூடத்திலிருந்து பாத்ரூம் பத்து, பாத்ரூமிலிருந்து சாமி அலமாரி பத்து. நடந்ததெல்லாம் தெய்வானைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் உட்கார்ந்திருந்தார். காலைப் பலகாரம் பதினொன்றரைக்கு வந்தது, மத்தியானச் சோறு மூன்றரைக்கு வந்தது. அவள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு, வீட்டுக்குள்ளே வழிநடை போகிறவள் மாதிரி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தாள். அவர் நாற்காலியை உட்கார்ந்தபடியே அடுப்படிப் பக்கம் இரண்டடி தள்ளிப் பார்த்தார். மறுநாள் இன்னும் நாலடி. எட்டடியிலும் அவள் வருவதற்குப் பத்து நிமிஷம் ஆனது.

"கணக்கு எங்கயோ உதைக்குது," என்றார் கிருபாகரனிடம்.

கிருபாகரன் வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார், தெய்வானை கூடத்து நடுவில் சோற்றுத் தட்டோடு நடந்துகொண்டிருந்தாள். "அண்ணா, ஒரு உதவி. இத வெளிய சொல்லீராதீங்க. எட்டாம் வீதி இன்னும் கட்டல. வீட்டுக்குள்ளயும் பத்து நிமிஷம்னு தெரிஞ்சா அங்க வீடு வாங்க ஒருத்தன் வர மாட்டான்."

"ஏனுங்க நம்ம வீட்டுல மட்டும்?"

"அதைத் தெரிஞ்சு நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெய்வானை கும்பிடுவதற்குத் தட்டை வைக்க இடம் இல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

ரகசியம் ஒன்றும் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஷகிலா டீச்சர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நாலாவது நாளே கண்டுபிடித்துவிட்டார். குக்கர் விசிலுக்கும் தட்டுச் சத்தத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கேட்டே கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

"மருதாசலண்ணா, ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றார் சுவருக்கு மேலே தலையை மட்டும் காட்டி. "அன்னைக்கு நீங்க கதை சொன்னப்ப ரெண்டு பேர் கை தட்டல. அதுல நான் ஒருத்தி."

"இன்னொருத்தர் யாருங்?"

டீச்சர் அவரையே பார்த்தார். "முப்பது வருஷம் பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தேன். உங்கள மாதிரி ஒருத்தனப் பாத்ததில்லை," என்று சொல்லிவிட்டுத் தலையை இறக்கிக்கொண்டார்.

அவருக்குக் கோபம் வந்தது. டைமிங் என்றால் டைமிங். அன்றைக்கு நிறுத்தியிருந்தால் பின் பஸ்காரன் சண்டைக்கு வந்திருப்பான், முதலாளி காதைத் திருகியிருப்பான். இதில் என்ன தப்பு என்று முப்பது வருஷமாக யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. அன்றைக்கு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி, சோறாக்கிப் போட்டாள். அவ்வளவுதான். ஆனாலும் டீச்சர் போன பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதையோ கேட்க வேண்டும் போல இருந்தது, என்னவென்று தெரியவில்லை. எழுந்து அடுப்படிக்கு நடந்தார். அந்த வீட்டில் அவர் அடுப்படிக்கு நடந்தது அதுதான் முதல் தடவை.

எட்டடிதான். அவள் முதுகைக் காட்டி நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். முதல் நிமிஷத்தில் அவள் கொண்டையைப் பார்த்தார். மூன்றாவது நிமிஷத்தில் அந்தக் கொண்டையில் கறுப்பு எங்கேயும் இல்லை என்று பார்த்தார். ஐந்தாவது நிமிஷத்தில் அவள் ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இன்னொரு காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்து நிற்பதைப் பார்த்தார். இது எப்போதிலிருந்து என்று யோசித்தார், தெரியவில்லை. எட்டாவது நிமிஷத்தில், கேட்க வந்தது நுனி நாக்கில் இருந்தது. ஒன்பதாவது நிமிஷத்தில் அது போய்விட்டது. பத்தாவது நிமிஷம் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"என்னங்?"

"தண்ணி," என்றார்.

அவள் மோந்து கொடுத்தாள். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? கூப்பிட்டிருந்தாக் கொண்டாந்திருப்பனல்லோ."

அந்த வாரக் கடைசியில் சுகந்தி போன் பண்ணினாள். அம்மாளின் முழங்கால் வீங்கினதை டீச்சர்தான் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுத் திண்டின் மேல் வைத்துவிட்டுத் தெய்வானை துணி மடித்தாள், அவர் நாற்காலியிலிருந்தே கேட்டார்.

"அம்மா, நீ கிளம்பி வா. இங்க என் பிளாட்டுல அடுப்படிக்கும் ஹாலுக்கும் ரெண்டே எட்டு."

"அப்பா?"

"அப்பாவும் வரட்டும். வந்தா இங்கயும் அந்தப் பத்து நிமிஷம் வந்துரும்னு எனக்குத் தோணுது. அப்புறம் அவரு இஷ்டம்."

"அப்பா கேட்டுட்டிருக்கறாரு கண்ணு."

"கேக்கட்டும்."

தெய்வானை துணியை மடித்து முடித்தாள். மடித்ததை அலமாரியில் வைக்கவில்லை, பையில் வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை நாளைக்கு என்று கேட்கலாம். போகாதே என்று சொல்லலாம். நானும் வரட்டுமா என்று கேட்கலாம். மூன்றும் ஒரே நேரத்தில் வந்து வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் வாயிலிருந்து வந்தது. டிரைவர் புத்தி.

"நாளைக்குக் காத்தால ஒன்பது மணிக்கு. கேட்டுல ஆட்டோ வந்து நிக்குமாம்."

மறுநாள் எட்டு ஐம்பதுக்கு அவளுடைய பை வாசலில் இருந்தது. அவருக்கு மூன்று நாளைக்குச் சோறாக்கி ஃபிரிட்ஜில் வைத்து, எதை எதற்குச் சூடு பண்ண வேண்டும் என்று டப்பாவுக்கு டப்பா சீட்டு ஒட்டியிருந்தாள். மூன்று நாளைக்கு அப்புறம் என்ன என்று சீட்டு இல்லை.

"ஏனுங், ஆட்டோக்காரன் ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்க மாட்டானாம். நீங்க முன்னால போயி அவனை நிறுத்தி வையுங்க. நான் பையைத் தூக்கிட்டு மெல்ல வாரேன்."

"பையை நான் தூக்கட்டுமா?"

"வேண்டாங். உங்க காலு வேகம், ஆனா இங்க அது ஒண்ணும் செல்லாது. போங்க. நிக்காம போங்க, திரும்பாதீங்க. திரும்பினீங்கன்னா ஆட்டோ போயிரும்."

அவர் கிளம்பினார். செங்கல் பதித்த நடைபாதை, இரண்டு பக்கமும் புங்க மரம், மரத்துக்கு மரம் பலகை. மாடிக்கு மாடி கயிற்றில் கூடைகள் போய்க்கொண்டிருந்தன, ஒரு கூடையிலிருந்து கொத்தமல்லிக் கட்டு ஒன்று அவர் தோளில் விழுந்தது, எடுக்க நிற்கவில்லை. ஒரு நாய் அவரைத் தாண்டி நாலே எட்டில் கேட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. தூரத்தில் மஞ்சள் ஆட்டோ வந்து நிற்பது தெரிந்தது. ஷகிலா டீச்சர் மாடியில் நின்று பார்த்தார்.

ஐந்தாவது நிமிஷம் நடக்கும்போது பின்னால் தெய்வானையின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கால் சத்தமாக விழுந்தது, இன்னொரு கால் இழுபட்டது. டக், சர்ர், டக், சர்ர். அந்தச் சத்தத்தை அவர் எங்கேயோ கேட்டிருக்கிறார். கேட்டதில்லை, பார்த்திருக்கிறார். பஸ் என்ஜின் சத்தத்தில் கேட்டிருக்க வழியில்லை. கண்ணாடியில் பார்த்தது. அவர் எத்தனையோ மேடையில், எத்தனையோ எழவு வீட்டில் சொன்ன கதையில் ஒரு தடவைகூடச் சொல்லாமல் விட்டது: ஓடி வரும்போதே அவளுடைய செருப்பு வார் அறுந்துவிட்டது. அறுந்த செருப்பை உதறாமல் இழுத்துக்கொண்டே, பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையைக் காட்டிக்கொண்டே ஓடி வந்தாள். ஸ்டாப் தாண்டி ரொம்ப தூரம், இனி நிற்காது என்று தெரிந்த பிறகும் ஓடி வந்தாள். ஏன் அவ்வளவு தூரம் ஓடினாள் என்று அன்றைக்கும் அவருக்குப் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை, கால் மட்டும் நடப்பதை விட்டுவிட்டது.

அந்த ஊரில் அதுவரைக்கும் யாரும் நடுவழியில் சும்மா நின்றதில்லை. போனார்கள், இல்லையென்றால் திரும்பினார்கள். நின்றால் என்ன ஆகும் என்று பலகையில் எழுதவில்லை. அவர் நின்றார். கேட்டில் ஆட்டோக்காரன் ஒரு தடவை ஹாரன் அடித்தான். மாடியில் கூடைகள் அப்படியே கயிற்றில் நின்றன. கைக்கு எட்டினாற்போல் இருந்த பலகையை அவர் படித்தார், மறுபடியும் படித்தார். பிறகு திரும்பினார்.

தெய்வானை பையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது, முப்பதடி இருக்கலாம்.

"என்னங், நின்னுட்டீங்க? போங்க. ஆட்டோ போயிரும்."

சொல்ல வேண்டியதை நினைத்து எடுப்பதற்குள் பத்து நிமிஷம் ஆகிவிடும், அதற்குள் அது போய்விடும், அடுப்படியில் போன மாதிரி. அதனால் வாயைத் திறக்காமல் வலது கையை நீட்டினார். ஸ்டாப் இல்லாத இடத்தில், பொட்டல் வெயிலில், இந்த வண்டி நிற்குமோ நிற்காதோ என்று தெரியாமல் சனங்கள் கை நீட்டுவார்களே, முப்பத்தொரு வருஷமாக அவர் கண்ணாடிக்குள் வந்து வந்து பின்னால் போன கைகள், அது மாதிரி நீட்டிக்கொண்டு நடைபாதையின் ஓரத்தில் நின்றார்.

அவள் பார்த்தாள். நடை நிற்கவில்லை. டக், சர்ர்.

"இது ஸ்டாப் இல்லீங்," என்றாள்.

"தெரியுது," என்றார்.

ஆட்டோக்காரன் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தான். கை வலித்தது, இறக்கவில்லை. நிற்காமல் போகச் சொல்லியிருந்தாள், திரும்பாமல் போகச் சொல்லியிருந்தாள். அவர் போகவில்லை.